‘இன்று வேண்டாம்’ என்ற சொல்லின் விலை

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும் டிசம்பர் கடைசி வாரம், தமிழகக் குடும்பங்களின் சுற்றுலாக் காலம். ஒரு காலத்தில் அந்த வாரம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் உரியதாக இருந்தது. இப்போது அந்தமான் தீவுகள் அந்தப் பட்டியலில் முன்னுக்கு வந்துவிட்டன. நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு முகவரிடம் மொத்தமாகப் பணம் கட்டி, தீவுக்குத் தீவு செல்லத் தங்களுக்கென்று தனிப் படகு அமர்த்திக்கொள்வது நடுத்தர வர்க்கத்தினரிடையே வழக்கமாகி வருகிறது.

நான் வசிக்கும் காடாம்புலியூர் கடற்கரை ஊர் அன்று. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சூழ்ந்த ஊர். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றுவோரும் ஓய்வு பெற்றோரும் முந்திரி வணிகர்களும் எங்கள் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் குழுவாகக் கிளம்புகின்றனர். கிளம்பும் முன் பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவோரும் உண்டு. அந்தத் தாள்களில் எந்த வேளைக்கு எந்த உணவு என்பது முதல் எந்தக் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்ப்பது என்பது வரை எல்லாம் இருக்கும். ‘படகு புறப்பட இயலாவிட்டால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரி விடைகூட இருக்காது.

தீவுப் பயணத்துக்காகக் குழுவாகப் படகு அமர்த்துவோர், படகையும் எரிபொருளையும் தாங்கள் வாங்குவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியது வேறொன்று. ‘இன்று வேண்டாம்’ என்றும், ‘இத்தனை பேரை ஏற்ற மாட்டேன்’ என்றும் படகோட்டி தயக்கமின்றிச் சொல்வதற்கான சூழல்தான் அது. தேதி, தலைக்கணக்கு, பணம் ஆகிய மூன்றையும் நாம் வகுக்கும் விதத்தில்தான் அந்தச் சூழல் அமைகிறது அல்லது அழிகிறது.

நாட்காட்டியும் கடலும்

முதலில் தேதி. நமது விடுமுறை நாட்காட்டியும் வங்கக்கடலின் நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று முரணானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம்; வங்கக்கடலில் புயல்கள் உருவாகும் காலமும் அதுவே. டிசம்பர் இறுதிக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும் என்று நம்புவோருக்கு எங்கள் மாவட்டமே பதில் சொல்லும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளையும் பல தலைமுறை கண்ட பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. கடலே தெரியாத எங்கள் ஊரில் அந்த நாளை இன்றும் எவரும் மறக்கவில்லை.

அந்தமான் பகுதி, வங்கக்கடலின் பல புயல்கள் உருக்கொள்ளும் இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னர் ‘வர்தா’ எனப் பெயர் பெற்ற புயலின் தொடக்க நிலையில், ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர். பயணிகள் படகுகள் நின்றன. கடற்படைக் கப்பல்கள் அனுப்பப்பட்டும் கடல் கொந்தளிப்பால் மீட்புப் பணி உடனே நடக்கவில்லை. சில நாள்களுக்குப் பிறகே அனைவரும் கரை சேர்ந்தனர். அதே புயல் டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. (ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவு என்றும், நீல் ஷாகீத் தீவு என்றும் பெயர் மாற்றம் பெற்றன, தலைநகர் போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது.)

அங்கே சிக்கியவர்களில் எவரும் தவறான இடத்துக்குச் செல்லவில்லை. தவறான வாரத்தில் சென்றார்கள்; அதிலும் திரும்பும் தேதியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சென்றவர்களே மிகுதியாகத் துன்பப்பட்டிருப்பார்கள்.

பெரிய கப்பல்களே இந்த நாட்காட்டிக்குத் தலைவணங்குகின்றன. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு வாரம் ஆகும் முன்பே, வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி அது நிறுத்தப்பட்டது. அன்று பலர் அதைக் கேலி செய்தனர். அதில் கேலிக்குரியது எதுவுமில்லை. பருவத்தை அறிந்து தொடங்கியிருக்கலாம் என்று சொல்லலாமே தவிர, பருவத்தை அறிந்து நிறுத்தியதைக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எப்போது செல்வது? ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே மாதத்தின் பின்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் தொடும் இந்திய நிலப்பரப்புகளில் அந்தமானும் நிகோபாரும் அடங்கும். எனவே கோடை விடுமுறையின் நடுப்பகுதியும் உகந்ததன்று. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குழுக்கள், குறிப்பாக ஓய்வு பெற்றோர், பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தால் கூட்டமும் குறைவு, கட்டணமும் குறைவு, அலையும் குறைவு. பிள்ளைகளோடு செல்வோருக்குப் பொங்கல் விடுமுறை டிசம்பரைவிட மேல்.

இந்த முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. பாய்மரச் சுற்றுலாவுக்கு உலகப் புகழ் பெற்ற கரீபியன் தீவுகளில், டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் வழக்கத்தைவிட வலுவாக வீசும் காற்றுக்குக் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்றே பெயர். மக்கள் மிகுதியாகக் கூடும் வாரமும் காற்று மிகுதியாக வீசும் வாரமும் அங்கேயும் ஒன்றாகவே அமைகின்றன.

எத்தனை பேர் என்ற கேள்வி

தேதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு 2014 ஜனவரி 26 சான்று. அன்று குடியரசு நாள் விடுமுறை. போர்ட் பிளேர் அருகே ராஸ் தீவு, நார்த் பே பகுதியில் ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. 21 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சென்றவர்கள். புயல் எதுவும் இல்லை. சுமார் 25 பேரை மட்டுமே ஏற்ற அனுமதி பெற்ற படகில் 40-க்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டிருந்தனர்.

அதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2011 கிறிஸ்துமஸ் நாளில், பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். விடுமுறையைக் கொண்டாட உறவினர்கள் சேர்ந்து சென்ற குழு அது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர்; 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை மாலை, கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகிலிருந்து மாற்றியமைக்கப்பட்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர்; அவர்களில் பலர் ஒரே குடும்பத்தினர்.

கடல், கழிமுகம், ஏரி என நீர்நிலைகள் வேறு. விடுமுறை நாள், குழு, மிகைச்சுமை, ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ ஒவ்வொரு நிகழ்விலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இதற்கான காரணத்தை விளக்குவதற்குப் பள்ளி இயற்பியலே போதும்.

படகு மிதப்பது ஒரு செய்தி. நிமிர்ந்து நிற்பது வேறு செய்தி. எடை கீழேயும் நடுவிலும் இருக்கும்வரை, அலை ஒருபுறம் சாய்த்தாலும் படகு தானாக நிமிர்ந்துகொள்ளும். ஓர் ஆளின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் என்றால் 1,200 கிலோ. ஒரு டால்பின் தெரிகிறது என்று யாரோ கூவியதும் அந்த 20 பேரும் கைப்பேசியோடு ஒரே பக்கம் ஓடினால், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை ஒரு நொடியில் இடம் பெயர்கிறது. அவர்கள் மேல்தளத்தில் இருந்தால் படகின் எடைமையமும் மேலே ஏறிவிடுகிறது. சாய்வை எதிர்க்கும் ஆற்றல் இன்னும் குறைகிறது. தேக்கடியில் விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதே படகு கவிழக் காரணமானதாகக் கூறப்பட்டது.

மிகைச்சுமையின் கேடு இன்னும் மறைவானது. ஆள் ஏற ஏற, நீர்மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையே உள்ள உயரம் குறைந்துகொண்டே வருகிறது. சாதாரண நாளில் விளிம்பைத் தொடாத அலை, சுமை கூடிய படகில் உள்ளே எட்டிப் பார்க்கும். புகுந்த நீர் ஓரிடத்தில் நிற்காது. தாம்பாளத்தில் நீரை ஏந்தி நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கை சிறிது சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். படகினுள் புகுந்த நீரும் அதையே செய்கிறது. அதனால்தான் இத்தகைய விபத்துகளில் தப்பியவர்கள், எல்லாம் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

குழுவாகச் செல்வோரின் இயல்பான ஆசை ஒன்று உண்டு: ‘எல்லோரும் ஒரே படகில் போகலாம்’. பாட்டு, சிரிப்பு, குழுப்படம் எல்லாம் ஒரே படகில் இருந்தால்தான் சிறக்கும் என்ற எண்ணம். படகில் 20 பேருக்கு அனுமதி, குழுவில் 24 பேர் என்றால், ‘நான்கு பேர்தானே, அதிலும் இரண்டு பேர் குழந்தைகள்’ என்ற பேரம் தொடங்குகிறது. அந்தப் பேரத்தைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் படகோட்டி அல்லர், நாமே. 24 பேர் என்றால் இரண்டு படகு என்பதைத் திட்டமிடும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். படகுத்துறையில் நின்று முடிவு செய்யக் கூடாது.

பாய்மரப் படகின் கணக்கு

வெளிநாடு வாழ் தமிழர்களிடையே இன்னொரு வழக்கமும் பரவுகிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணியாற்றும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் பெற்றோரையும் உறவினரையும் அழைத்து, தாய்லாந்தின் புக்கெட் போன்ற இடங்களில் பாய்மரப் படகை நாள் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். இதற்கெனத் தனித் தொழிலே இருக்கிறது. மாலுமி இல்லாமல் படகை மட்டும் ஒப்படைக்கும் முறை ஒன்று. அதற்குப் படகு செலுத்தும் அனுபவச் சான்று கேட்பார்கள், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டும். மாலுமியோடு அமர்த்தும் முறை மற்றொன்று. கடல் பழக்கமில்லாத குடும்பங்களுக்கு இரண்டாவது முறையே பொருந்தும்.

இந்த வாடகைப் படகுகளில் குடும்பங்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது இரட்டை உடல் கொண்ட ‘கேட்டமரான்’ வகை. பெயரைக் கேட்டதுமே தெரிந்துவிடும். நம் கட்டுமரம் என்ற சொல்தான் உலகம் சுற்றித் திரும்பியிருக்கிறது. அகலம் மிகுதி என்பதால் இவை அதிகம் சாய்வதில்லை. ஆயினும் இவற்றில் இரவு தங்கிச் செல்வோர் எண்ணிக்கை பொதுவாக எட்டு முதல் பத்து வரைதான். 24 பேர் கொண்ட குழுவுக்கு மூன்று படகுகள் வேண்டும் என்று அங்கே சொன்னால் எவரும் மறுப்பதில்லை. அதே குடும்பம் உள்ளூரில் 24 பேரையும் ஒரே படகில் ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதுதான் விந்தை.

பாய்மரப் பயணத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காற்று வரும் திசையை நோக்கிப் பாய்மரப் படகு நேராகச் செல்ல இயலாது. குறுக்கும் மறுக்குமாக வளைந்தே முன்னேற வேண்டும். ஆகவே போய்ச் சேரும் நேரத்தை மணிக் கணக்கில் உறுதி சொல்ல எந்த மாலுமியாலும் முடியாது. தூத்துக்குடித் தோணிகளின் மரபு இதை நன்கு அறிந்தது. மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற அந்தத் தோணிகள், தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் துறைமுகத்திலேயே ஓய்வெடுத்தன. தண்டேல் என்று அழைக்கப்பட்ட தோணித் தலைவன் காற்றுக்காகக் காத்திருந்த நாள்களை வீண் நாள்கள் என்று எவரும் சொன்னதில்லை. அவை பயணத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டன. இயந்திரம் வந்த பின் நாம் இழந்தது அந்தக் காத்திருப்பின் மரியாதையைத்தான்.

மூன்றாவது செய்தி, பாய்மரமாயினும் இயந்திரமாயினும் பொருந்தும். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு புயற்காற்றில் மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தனர். அங்கே அது மழைப் பருவம். புகழ் பெற்ற சுற்றுலாத் தலம் என்பதாலேயே கடல் எல்லா மாதங்களிலும் ஒன்றுபோல இருந்துவிடாது.

படகோட்டியின் நிலை

விபத்து நடந்த மறுநாள் நாம் படகோட்டியின் பேராசையைப் பழிக்கிறோம். பல நேரங்களில் அந்தப் பழி சரியானதே. எனினும் அவர் முடிவெடுக்கும் அந்தக் கணத்தை ஒருமுறை அவர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆண்டில் அவருக்குத் தொழில் நடப்பது சில மாதங்கள். அவற்றிலும் கூட்டம் குவிவது சில வாரங்கள். படகின் கடன் தவணை பன்னிரண்டு மாதமும் உண்டு. பயணம் நடந்தால் கூலி, நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. அவரை அமர்த்துவது பெரும்பாலும் நாமல்ல. நம் முகவரின் உள்ளூர் முகவர். ஒரு நாள் மறுத்தால் அடுத்த குழுவை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்ற அச்சம் அவருக்கு உண்டு. எதிரே, நாளை மறுநாள் விமானம் ஏற வேண்டிய 24 பேர், ‘இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா?’ என்று நிற்கிறார்கள். காற்றின் போக்கைப் பார்த்து அவர் மனம் ‘வேண்டாம்’ என்கிறது. சுற்றியுள்ள அத்தனை பேரும் ‘போகலாம்’ என்கிறார்கள்.

இந்த நிலையில் அறிவுரையோ எச்சரிக்கைப் பலகையோ மட்டும் அவருக்குத் துணை நிற்காது. பணமும் நாளும் துணை நிற்கும். ஆகவே குழுவாகச் செல்வோர் முன்பதிவின்போதே இரண்டு உறுதிகளைத் தர வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, காத்திருப்புக் கூலி. வானிலை காரணமாகப் படகோட்டி பயணத்தை நிறுத்தினால், வாடகையில் பாதியை அவருக்குத் தருவோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது. இரண்டு படகுகளுக்கும் சேர்த்து வாடகை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதி 12,000. குழுவில் தலைக்கு 500 ரூபாய். ஒரு வேளை உணவுக்கு ஆகும் செலவுக்கு மேல் பெரிதாக இல்லை. அந்த 500 ரூபாய், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதால் தன் வீட்டில் அடுப்பெரியாமல் போகுமோ என்ற கவலையிலிருந்து அவரை விடுவிக்கிறது.

இரண்டாவது, மாற்று நாள். இன்று இல்லையென்றால் நாளை செல்லலாம் என்ற இடைவெளி திட்டத்தில் இருந்தால் வற்புறுத்தலுக்கே தேவை எழாது. ஒன்பது நாள் விடுமுறையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள். போகவர ஆறு நாள் கழிந்துவிடும். எனவே பெரும்பாலோர் விமானத்தில்தான் செல்கிறார்கள். போகவர இரண்டு நாள் போக எஞ்சுவது ஏழு. முகவர்களின் திட்டங்களில் இந்த ஏழு நாளும் நிரப்பப்பட்டிருக்கும். தலைநகரச் சுற்றுலா முதலிலும் தொலைவுத் தீவுகள் கடைசியிலும் வரும். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கடலைக் கடந்து செல்ல வேண்டிய சுவராஜ் தீவையும் ஷாகீத் தீவையும் முதலில் முடித்துவிட்டு, விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பே ஸ்ரீ விஜயபுரம் திரும்பிவிட வேண்டும். அந்த இரண்டு நாளும் வீணல்ல. செல்லுலார் சிறையைப் பார்க்க ஒரு நாள் முழுவதும் தேவை. பலர் அதை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்க்கிறார்கள். அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. கடல் சீறினால் அந்த இரண்டு நாள் நம்மைக் காக்கும்; கடல் அமைதியாக இருந்தால் வரலாற்றைக் காட்டும்.

இதனால் ஆகும் கூடுதல் செலவையும் பார்த்துவிடலாம். 24 பேருக்கு எட்டு அறை. அறைக்கு 3,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 24,000. தலைக்கு 1,000 ரூபாய். விமானத்தைத் தவறவிட்டு, கூட்டம் மிகுந்த வாரத்தில் 24 புதிய பயணச்சீட்டுகள் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

எழுத்திலும் கையிலும் இருக்க வேண்டியவை

படகு அமர்த்தும்போது கேட்க வேண்டியவை சில. உரிமத்தில் குறிப்பிட்டுள்ள பயணிகள் எண்ணிக்கை என்ன? குழந்தைகளையும் சேர்த்தே அந்த எண்ணிக்கை கணக்கிடப்படும். ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் உண்டா? வானிலையால் பயணம் நின்றால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா? இவற்றுக்கான விடைகளை வாய்மொழியாகப் பெறாமல் குறுஞ்செய்தியிலாவது எழுத்தாகப் பெற வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையில் நடப்பதற்கு ஒப்பாகும். படகு கவிழும் அந்த ஒரு நிமிடத்தில் எடுத்து அணிந்து வாரைக் கட்ட எவராலும் இயலாது. கரையிலேயே அணிந்து, வாரை இறுக்கிக் கட்டிய பிறகே ஏற வேண்டும். மூடிய அறைக்குள் அமர்வதைவிடத் திறந்த தளத்தில் அமர்வது நல்லது. ஏனெனில் மூடிய அறை கவிழ்ந்தால், மிதக்கச் செய்யும் அந்த ஆடையே நம்மை மேலே தள்ளி வெளியேறவிடாமல் தடுக்கக்கூடும். நீளமான புடவையும் வேட்டியும் தண்ணீரில் காலைச் சுற்றும் என்பதையும் மூத்தோரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழுவில் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். எந்தப் படகில் யார் யார் என்ற பட்டியலைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டே கிளம்ப வேண்டும். விபத்து நேரங்களில் எத்தனை பேரைத் தேடுவது என்பதே தெரியாமல் மீட்புப் படையினர் தவிப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பொறுப்பாளருக்கு இன்னொரு கடமையும் உண்டு: குழுவில் எவரேனும் படகோட்டியை வற்புறுத்தத் தொடங்கினால், அதை நிறுத்துவது.

எங்கே செல்லக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அந்தமானில் பழங்குடியினரின் காப்புப் பகுதிகள் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் நெருங்கவே கூடாது. 2018-இல் தடையை மீறிச் சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தடை பயணிகளுக்கு மட்டுமன்றி, வெளியுலக நோய்களை எதிர்க்கும் ஆற்றல் இல்லாத அந்த மக்களுக்கும் பாதுகாப்பு. லட்சத்தீவுக்கோ, இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற்றே செல்ல வேண்டும். படகோட்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்து இத்தகைய எல்லைகளை நெருங்கச் சொல்வதும், அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைப் பறிக்கும் செயலே.

அரசு செய்ய வேண்டியது

கூட்டமும் தீவும் படகும் சேர்ந்தாலே ஆபத்து என்பதில்லை. ஒழுங்கு இருந்தால் எல்லாம் நடக்கும் என்பதற்குக் கச்சத்தீவு அந்தோணியார் ஆலயத் திருவிழா சான்று. ராமேசுவரத்திலிருந்து ஆயிரக்கணக்கான பக்தர்கள் விசைப்படகுகளிலும் நாட்டுப்படகுகளிலும் குழுக்குழுவாகச் செல்கின்றனர். யார் செல்கிறார்கள் என்பது முன்கூட்டியே பதிவாகிறது. எந்தப் படகு, அதில் எத்தனை பேர் என்பது வரையறுக்கப்படுகிறது. படகுகளை அதிகாரிகள் ஆய்வு செய்கின்றனர். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மீன்பிடிப் படகுகள்தாம், ஆனால் பெயர்ப்பட்டியல் இன்றி ஒன்றும் கிளம்புவதில்லை. எல்லையைத் தாண்டும் பயணம் என்பதால் இத்தனை கண்டிப்பு. பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் மற்ற படகுத்துறைகளிலும் விடுமுறை நாள்களில் செல்வோரின் உயிர் அதைவிட மலிவானதா?

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் படகுப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நூற்றாண்டு பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. விதிகளுக்குப் பஞ்சமில்லை. தேவைப்படுவது, படகுத்துறையில் நிற்கும் பயணியின் கண்ணில் படும் மூன்று எளிய செய்திகள்: படகின் இருபுறமும் பெரிய எண்ணில் எழுதப்பட்ட பயணிகள் வரம்பு, துறையிலேயே ஒரு பெயர்ப்பதிவு, அன்றைய வானிலை எச்சரிக்கை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் அதன் எண்ணின் பொருள் எங்கள் மாவட்டத்தின் கடற்கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிக்கப்பட்ட நாளில், கடலையே அறியாத பயணிகளை ஏற்றிக்கொண்டு எந்தச் சுற்றுலாப் படகும் கிளம்பக் கூடாது என்பதை விலக்கில்லாத விதியாக்கலாம். முகவர்கள் விற்கும் தீவுப் பயணத் திட்டங்களில் ஒரு மாற்று நாளைக் கட்டாயமாக்குவதும் அரசால் இயலக்கூடியதே.

இந்த டிசம்பருக்கான முன்பதிவுகளை இப்போதே பலர் தொடங்கியிருப்பார்கள். முகவர் தரும் தாளைக் கையில் வாங்கியதும், உணவுப் பட்டியலைப் படிக்கும் முன், ‘படகு கிளம்பாவிட்டால்?’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதிச் சேருங்கள். மாற்று நாளுக்குத் தலைக்கு 1,000 ரூபாய், காத்திருப்புக் கூலிக்கு 500 ரூபாய். ஒரு படகோட்டி துணிந்து ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதற்கு நாம் தர வேண்டிய விலை இவ்வளவுதான்.